விமானம் ஒரு மணி நேரம், பயணம் ஐந்து மணி நேரம்



"சென்னைக்கு விமானத்தில் போனால் ஒரு மணி நேரம்தானே" என்று நம் கடைவீதியில் பலரும் சொல்லக் கேட்கிறோம். நானும் அதை நம்பித்தான் 2015-ல் ஒரு லோடு பர்மா உளுந்தைக் கோட்டைவிட்டேன்.

சரக்கு சென்னையில் இறங்கியிருந்தது. "பகல் பன்னிரண்டுக்குள் மண்ணடிக்கு வந்து சாம்பிள் பார்த்துவிட்டால் உங்களுக்கே" என்றார் இறக்குமதியாளர். என் சீட்டில் புறப்பாடு 9.10, சேரும் நேரம் 10.20. இறங்க இடம் கிடைக்காமல் விமானம் இருபது நிமிடம் வானத்திலேயே வட்டமடித்தது. மீதி நேரத்தை அண்ணா சாலை நெரிசல் தின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சரக்கு விருதுநகர் வியாபாரிக்குப் பேசி முடிந்திருந்தது. முந்தின இரவு திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிய நம் ஊர்க்காரர் ஒருவர், காலையிலேயே வந்து தமக்கு வேண்டிய மூட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்!

தவறு என் கணக்கில்தான். கோவை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். சாலையில் போனால் 500-க்கு மேல். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும். அப்படியானால் அரை மணி நேரம் போதாதா? போதாது. அந்த வேகம் மேலே ஏறி நிலைகொண்ட பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில், கிழக்கே போகவேண்டிய விமானமும் முதலில் தென்மேற்கே கிளம்பித் திரும்பும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கி வந்து நிற்பதும் சீட்டில் போட்ட நேரத்துக்குள் அடக்கம்.

அடங்காதவை வேறு. பல்லடத்திலிருந்து விமான நிலையத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள்; ஆகவே ஒன்றரை மணி முன்பே போகவேண்டும். இறங்கிய பிறகு பெட்டி எடுக்க அரை மணி. அப்புறம் மீனம்பாக்கத்திலிருந்து மண்ணடி. ஆக ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது.

இது லாரிக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மாதிரி. மூட்டை திருப்பூர் போனாலும் சென்னை போனாலும் கூலி ஒன்றுதான். தூரம் கூடக்கூட அந்தக் கூலி உறைக்காது. மும்பை 1,000 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். டெல்லி 1,940 கிலோமீட்டர். கோவைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது, மூன்று மணி நேரம். ரயிலில் இரண்டு இரவு போய்விடும். அங்கே விமானம் லாபம். சென்னைக்கு, அதுவும் காலை வேலைக்கு, இரவு ரயில்தான் என் கட்சி.

ஒன்று மாறியிருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் விமான நிலையத்திலிருந்து மண்ணடிக்கு மெட்ரோ ரயில் நேராகப் போகிறது. முக்கால் மணி போதும். டெல்லி செல்வோர் மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டத்தை நினைவில் வைத்து, மதியத்துக்கு மேல் இறங்குகிற விமானமாகப் பார்த்துச் சீட்டு எடுக்கவும்.