ஒவ்வாமை உள்ளவரும் உல்லாசப் பூங்காவும்

அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? யாருக்காவது பால், கோதுமை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால், உணவகத்தில் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்று தனி மெனு அங்கே பல உணவகங்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள். பொரித்த பண்டம் என்றால் கூடுதல் கவனம் தேவை. மீன் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரியலாம். சைவம் சாப்பிடுபவர்களும் இதைத் தயங்காமல் விசாரிக்க வேண்டும். பொட்டலத் தின்பண்டங்களில் எள் இருந்தால் அதைக் குறிப்பிடுவது 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். வீட்டுச் சாப்பாட்டையும் பூங்காவுக்குள் கொண்டுபோகலாம், ஆனால் கண்ணாடிப் பாத்திரம் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த ஒவ்வாமை ஊசியைத் தங்கும் அறையில் விட்டுவிடாதீர்கள்; எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.