போத்தனூர்

ஆற்றங்கரையில் எழுந்த ஊர்கள் உண்டு; கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்கள் உண்டு; கோட்டையின் காவலில் தழைத்த ஊர்களும் உண்டு. இருப்புப்பாதையால் ஏற்றம் பெற்ற ஊர் ஒன்று கொங்கு நாட்டில் உள்ளது. அதுவே கோயம்புத்தூருக்குத் தெற்கே, நொய்யலாற்றின் தென்பால் அமைந்த போத்தனூர்.

இருப்புப்பாதை இவ்வூரை நாடி வந்த காரணத்தை அறிய வேண்டுமாயின், மலையை நோக்குதல் வேண்டும். கொங்கு நாட்டிற்கும் மலையாள நாட்டிற்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதில் போல் நிற்கின்றது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் ஓங்கி நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அம்மதில் அற்றுக் கிடக்கின்றது. இதனைப் பாலக்காட்டுக் கணவாய் என்பர். இம்மலைவாயில் வழியாகவே தென்மேற்குப் பருவக்காற்றும் கொங்கு நாட்டினுள் வீசுகின்றது.

மக்கள் சென்ற வழியும் இதுவே. போத்தனூருக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரில், 1842-ஆம் ஆண்டில் உரோமானிய வெள்ளிக் காசுகள் ஐந்நூற்றுக்கு மேல் கிடைத்தன. கடல் கடந்து வந்த வாணிகம் பண்டே கொங்கு நாட்டின் உள்ளிடம் வரை பரவியிருந்தமைக்கு அவை சான்றாகும்.

தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை பாதை அமைக்க முற்பட்டனர். செங்குத்தான ஏற்றத்தில் நீராவி எந்திரம் பாரம் இழுத்தல் அரிது. ஆதலின், தாழ்ந்த அக்கணவாயே தக்க வழியாயிற்று. 1862-இல் பாதை முற்றுப்பெற்றபோது, அது கோயம்புத்தூரைத் தொடாமல் போத்தனூர் வழியே சென்றது. பெருநகரத்தார் புகைவண்டி ஏறுதற்குச் சிற்றூரை நாடினர்! 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை அமைந்த பின்னரே கோயம்புத்தூருக்கு வண்டி வந்தது. 1915-இல் பொள்ளாச்சிப் பாதையும் இங்கு வந்து கூடிற்று.

பாதைகள் கூடிய இடத்தில் மக்களும் கூடினர். எந்திரம் ஓட்டுவோர், கார்டுகள், சைகை காட்டுவோர், பாதை காப்போர் எனப் பலர் குடியேறினர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கு வாழ்ந்தன. சைகைக் கருவிகளையும் தொலைத்தொடர்புக் கருவிகளையும் செப்பம் செய்யும் இரயில்வே பணிமனையும் இவ்வூரில் உள்ளது.

இந்நிலையம் ஒரு கொடுந்துயரையும் கண்டது. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் சிறைப்பட்டோர் ஏறத்தாழ நூற்றுவரைக் காற்றுப் புகாத சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்துத் திரூரிலிருந்து ஆங்கில ஆட்சியினர் அனுப்பினர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது, பலர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். எஞ்சியவருள்ளும் சிலர் பின்னர் மாண்டனர். மக்களை இணைக்க அமைந்த பாதை, அருளற்றார் கையில் கொலைக்கருவியாயிற்று.

இன்று வண்டிகள் பல கோயம்புத்தூர் வழியே செல்கின்றன. அன்று அந்நகருக்கு வாயிலாய் நின்ற போத்தனூர், இன்று கோவை மாநகராட்சியினுள் அடங்கியுள்ளது. எனினும், வாயிலின்றி மனை சிறப்பதில்லை. சிற்றூராயினும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. நும் ஊர் அவ்விடத்தில் தோன்றிய காரணம் யாது? ஆறும் மலையும் வழியும் நோக்கி அதனை ஆராய்ந்து அறிதல் மாணவர் கடனாகும்.