லீவரின் நெற்றியும் ஜடேஜாவின் விரலும்

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலை. ஓவல் மைதானத்தில் முகமது சிராஜ் வீசிய யார்க்கரில் கஸ் அட்கின்சனின் ஸ்டம்ப் சாய்ந்தது. 374 ரன் எடுக்க வேண்டிய இங்கிலாந்து 367 ரன்னில் முடிந்தது. 6 ரன்னில் இந்தியா வெற்றி, தொடர் 2-2 சமன். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடையில் அன்று யாரும் வேலைக்குப் போன மாதிரியே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷம் முழுசாக ஆறுவதற்குள் ஒரு செய்தி வந்தது. பாகிஸ்தானின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஷபீர் அகமது, இந்தியா பந்தில் வாசலின் தடவியிருக்கும் என்று நினைப்பதாகச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். 80 ஓவருக்குப் பிறகும் பந்து புதுசு போலப் பளபளக்கிறதே, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றார். ஆதாரம் என்று எதையும் அவர் வைக்கவில்லை. நடுவர்களும் எந்தப் புகாரும் சொல்லவில்லை.

டீக்கடை கொதித்தது. "தோத்தவனே சும்மா இருக்கான், இவனுக்கு என்ன?" என்றார் ஒருவர். மூலையில் இருந்த திருவல்லிக்கேணிப் பெரியவர் மட்டும் சிரித்தார். "வாசலினா? அது நம்ம சேப்பாக்கத்துல ஆரம்பிச்ச கதைப்பா. பண்ணினவன் இந்த ஊர்க்காரன். ஸ்டெப்னியில பொறந்தவன். எண்பதுகள்ல இங்க இல்ஃபோர்டு வேலன்டைன்ஸ் பார்க்ல எசெக்ஸுக்கு அவன் போட்டதை நானே பாத்திருக்கேன். திருட்டுப்பய."

"ஆமா சார், திருட்டுப்பயதான்" என்று நானும் ஒத்து ஊதினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இளைய வாசகர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-77 குளிர்காலத்தில் டோனி கிரெய்க் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. டெல்லியில் நடந்த முதல் டெஸ்டில் அறிமுகமான இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவர், முதல் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 7 விக்கெட், இரண்டாவதில் 24 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். பந்து வடிவம் கெட்டுப்போய் மாற்றுப் பந்து கொடுத்த பிறகுதான் அது அவ்வளவு வளைந்தது என்பது அப்போதே பேசப்பட்ட விஷயம். டெல்லியிலும் கல்கத்தாவிலும் தோற்று 0-2 என்ற நிலையில் இந்தியா சென்னைக்கு வந்தது.

1977 ஜனவரி 14, பொங்கல் அன்று சேப்பாக்கத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. லீவரும் பாப் வில்லிஸும் நெற்றியில் வாசலின் தடவிய மெல்லிய துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டு பந்து வீசினார்கள். வியர்வை கண்ணில் இறங்காமலிருக்க அணியின் பிசியோ பெர்னார்ட் தாமஸ் சொன்ன யோசனை அது என்பது இங்கிலாந்து தரப்பின் விளக்கம். லீவரின் பட்டை ஒன்று நடுவர் ஜூடா ரூபனின் கைக்குப் போனது. விஷயம் வெளியே வந்தது. டெல்லியிலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்தது என்றார் இந்திய கேப்டன் பிஷன் சிங் பேடி. லீவர் அந்த இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 83 ரன்னில் சுருண்டு, 200 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தொடரும் கைவிட்டுப் போனது.

பிறகு என்ன ஆயிற்று? இங்கிலாந்து கிரிக்கெட் நிர்வாகம் லீவர் தரப்பின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. புகார் சொன்ன பேடிக்கு அதே ஆண்டு நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டியுடன் இருந்த உறவு முறிந்தது. ஆட்டக் காரணங்களுக்காகத்தான் என்றது கவுண்டி. நான் வாய் திறந்ததுதான் காரணம் என்பது பேடியின் எண்ணம். 2023 அக்டோபரில் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளிலும் இந்த வாசலின் கதை கூடவே வந்தது.

ஒரு பந்தில் வாசலின் என்ன செய்யும்? ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், இரண்டு பக்கமும் காற்று ஒரே இடத்தில் பிரியாது. அந்த வித்தியாசம் பந்தை ஒரு பக்கம் தள்ளும். அதற்காகத்தான் ஆட்டக்காரர்கள் பந்தைப் பேன்ட்டில் தேய்க்கிறார்கள். வியர்வை தடவலாம். எச்சில் தடவலாம் என்றிருந்தது, கொரோனா காலத்தில் தடை வந்து 2022இல் நிரந்தரமானது. வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் கூடாது. சட்டம் தெளிவுதான். ஆனால் நெற்றியில் இருக்கும் வாசலின் வியர்வையோடு சேர்ந்து விரலுக்கு வந்து, விரலிலிருந்து பந்துக்குப் போனதா? போனதென்றால் தெரிந்தே போனதா? இந்த இரண்டு கேள்விக்கும் 1977இல் எல்லோரும் ஏற்கும் பதில் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பெரியவர் சொல்லி முடித்ததும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பையன் கேட்டான். இங்கேயே பிறந்தவன், இங்கிலாந்து ரசிகன். "அங்கிள், ஏமாத்தணும்னா அவர் எதுக்கு நெத்தியில எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒட்டிக்கிட்டு வரணும்? பாக்கெட்லதானே வச்சிருப்பார்?"

"அதாண்டா சாமர்த்தியம்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தோம். பையன் விடவில்லை. "அப்ப ஜடேஜா?"

சிரிப்பு நின்றது. 2023 பிப்ரவரி, நாக்பூர் டெஸ்டின் முதல் நாள். சிராஜின் கையிலிருந்து ஏதோ ஒரு களிம்பை எடுத்து, பந்து வீசும் கையின் ஆள்காட்டி விரலில் ரவீந்திர ஜடேஜா தடவுவது டிவியில் தெரிந்தது. அன்று ஆஸ்திரேலியா 177 ரன்னில் சுருண்டது. ஜடேஜாவுக்கு 5 விக்கெட். விரல் வீக்கத்துக்கான மருந்து என்றது இந்திய அணி. நடுவர்களிடம் அனுமதி கேட்காமல் தடவியதற்காக ஆட்டச் சம்பளத்தில் 25 சதவீதம் அபராதம் போட்டார்கள். பந்தின் நிலை மாறவில்லை, மருத்துவக் காரணம்தான் என்று மேட்ச் ரெஃப்ரி ஆண்டி பைகிராஃப்ட் ஏற்றுக்கொண்டார். அன்று இதே டீக்கடையில் நாங்கள் என்ன பேசினோம்? "வலிக்கு மருந்து போடறது தப்பா? ஒளிச்சா போட்டான்? கேமரா முன்னாடிதானே போட்டான்!"

அதாவது, லீவருக்காகப் பையன் சொன்ன அதே வாதம். அங்கே நெற்றி, இங்கே விரல். அங்கே பிசியோ, இங்கே டாக்டர். பொருள் இருந்தது, பந்தில் பட்டதா என்பது நிரூபணமாகவில்லை, காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது. வெள்ளைக்காரன் என்றால் சாமர்த்தியம், நம்ம தளபதி என்றால் மருந்து.

எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். இலங்கை அணி ஜெயித்தால் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இன்றுவரை முடிவெடுக்காதவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்காவது ஒரு பக்கம் இருக்கு. 2018இல சென் லூசியாவில சந்திமால் பொக்கற்றில இருந்து எதையோ எடுத்து வாயில போட்டுட்டு, பிறகு பந்தில தடவினது வீடியோவில கிடக்கு. என்னத்தைப் போட்டனான் எண்டு ஞாபகமில்லை எண்டு சொன்னவர். ஒரு டெஸ்ற் தடை. நான் அண்டைக்குச் சந்தோஷப்பட்டனான். பந்துக்காக இல்லை, வேற கணக்குக்காக. ஆனா முரளியை 1995இல மெல்பேர்னில டரல் ஹெயார் ஏழு தரம் நோபோல் எண்டு சொன்னபோது அழுதனான். என்ர நியாயம் என்ன நியாயம் எண்டு எனக்கே விளங்கேல்லை."

அதே டாரல் ஹேர்தான் 2006 ஆகஸ்டில், இதே ஓவலில், பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி, பில்லி டாக்ட்ரோவுடன் சேர்ந்து இங்கிலாந்துக்கு 5 ரன் கொடுத்தவர். பாகிஸ்தான் கோபித்துக்கொண்டு குறித்த நேரத்தில் களமிறங்காமல் இருக்க, ஆட்டமே இங்கிலாந்துக்குப் போனது. பந்தை யார் சுரண்டினார் என்று காட்டும் ஒரு காட்சியும் கிடைக்கவில்லை. இலங்கையைச் சேர்ந்த மேட்ச் ரெஃப்ரி ரஞ்சன் மடுகல்ல விசாரித்தார். போதிய ஆதாரம் இல்லை என்று பந்து விவகாரத்தில் இன்சமாமை விடுவித்தார். ஆட்டத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்காக மட்டும் நான்கு ஒருநாள் ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இதுதான். சந்தேகம் இருக்கலாம், அது குற்றம் ஆகிவிடாது. கோபம் நியாயமாகவே இருக்கலாம், அது எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொன்னார்.

"எப்பவும் நம்ம ஆளுங்களைத்தான் சந்தேகப்படறாங்க" என்ற பேச்சு அடுத்து வரும், தெரியும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1992இல் வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் பழைய பந்தை வளைத்தபோது இங்கே பத்திரிகைகள் திருட்டு என்றன. 2005 ஆஷஸில் இங்கிலாந்து பழைய பந்தை வளைத்தபோது அது கலை. அந்தக் கோடையில் மின்ட் மிட்டாய் சப்பிய எச்சிலால் பந்தைப் பளபளப்பாக வைத்திருந்ததாக மார்கஸ் டிரெஸ்கோதிக் தன் சுயசரிதையில் தானே எழுதினார். ஒரு வருஷம் முன்பு, 2004 ஜனவரியில் பிரிஸ்பேனில், இருமல் மிட்டாய் பந்தில் பட்டதற்காக ராகுல் டிராவிட் பாதிச் சம்பளம் அபராதம் கட்டியிருந்தார்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு லீவரைத் திருடன் ஆக்க முடியுமா? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஓவல் டெஸ்ட் முடிந்த சில வாரத்தில் என் மகனுக்கு ஒரு ஆட்டம். 13 வயதுக்குட்பட்டோர் அணி. அவன் நான்கு விக்கெட் எடுத்தான். பந்து நன்றாக வளைந்தது. எல்லைக்கோட்டுக்கு அருகே நின்றிருந்த எதிரணிப் பெற்றோர் ஒருவர், அந்தப் பையன் பந்தில் ஏதோ தடவுகிறான், கையைப் பாருங்கள் என்று சத்தமாகச் சொன்னார். நடுவர் வந்து பந்தைப் பார்த்தார், என் மகன் உள்ளங்கையைக் காட்டினான். ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. மொத்தமே ஒரு நிமிஷம்.

காரில் வரும்போது கேட்டான்: "அப்பா, இன்னும் மூணு பேர் போட்டாங்களே. என் கையை மட்டும் ஏன் பாக்கச் சொன்னாங்க?"

எனக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது. முப்பது வருஷமாக இந்த ஊரில் சேர்த்து வைத்த பதில். ஆனால் அதற்கு என்னிடம் என்ன ஆதாரம்? அந்த மனிதர் எங்கள் நிறத்தைப் பார்த்துச் சொன்னாரா, தன் பிள்ளை அவுட் ஆன எரிச்சலில் சொன்னாரா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி மகனிடம் சொல்லியிருந்தால், அவர் செய்ததையே நானும் செய்திருப்பேன். விக்கெட் நிறைய விழுந்தது, அதனால் பந்தில் ஏதோ இருக்கிறது என்றார் அவர். லீவரைப் பற்றி நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதானே?

"தெரியலைடா. நீ ஒண்ணும் பண்ணலைன்னு மட்டும் தெரியும்" என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

சந்தேகமே படக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேடி கேள்வி கேட்டது சரி. ஒரு கேப்டன் கேட்கத்தான் வேண்டும். கேட்டதற்காக அவருக்கு விலை வைக்கப்பட்டது என்றால் அது தவறு. ஆனால் கேட்பது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. இனி இப்படி ஒரு வீடியோ வந்தால் மூன்று கேள்வியைப் பிரித்துக் கேட்போம். என்ன கண்டுபிடித்தார்கள்? அது பந்தை மாற்றியதா? தெரிந்தே செய்தாரா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கும்போது மூன்றுக்கும் இருப்பதாகப் பேச வேண்டாம். பேசுவதற்கு முன் ஜெர்சியை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். லீவர் இடத்தில் ஜடேஜா, ஜடேஜா இடத்தில் லீவர். வார்த்தை மாறினால் தப்பு நம் பக்கம்.

கிரிக்கெட்டே நமக்கு அதைச் சொல்லித் தந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் பலன் பேட்ஸ்மேனுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேட்ஸ்மேன் எந்த நாட்டுக்காரன் என்று நடுவர் கேட்பதில்லை. இந்த நாட்டில் அந்தப் பலன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். கேட்கிற நாம் அதைப் பிறருக்கும் கொடுத்துப் பழக வேண்டும்.

அடுத்த வாரம் டீக்கடையில் பெரியவரிடம் சொன்னேன்: "சார், லீவர் விஷயத்துல நமக்குத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "சரிப்பா, தெரியாது. ஆனா அந்த டெல்லிப் பந்து வளைஞ்சது பாரு..." என்று மறுபடி தொடங்கினார். பக்கத்தில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.