குறுக்குவில்லும் கூட்டுவில்லும்

வில் என்பது ஒரு பொறி. கையின் வலிமையால் மெல்லச் செய்யப்படும் வேலையைத் தன் வளைந்த கைகளில் நிலைச்சக்தியாகச் சேமித்து வைத்து, நாணை விட்டவுடன் அதனை நொடிப்பொழுதில் அம்புக்கு அளிப்பதே அதன் தொழில். வட அமெரிக்காவில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடுவோர் பெரும்பாலும் குறுக்குவில், கூட்டுவில் என்னும் இருவகை விற்களைக் கையாளுகின்றனர். இவற்றின் வேறுபாடு யாது என்பதை இங்குக் காண்போம்.

குறுக்குவில் மிகத் தொன்மையானது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனத்தில் அது வழக்கில் இருந்தது. துப்பாக்கியின் கட்டையைப் போன்ற ஒரு தண்டின் முனையில் வில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். இழுத்த நாணை ஒரு கொக்கியே பிடித்துக்கொள்வதால், எய்பவனின் கைக்குச் சுமை இல்லை.

கூட்டுவில்லோ நம் காலத்துப் படைப்பு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1969-ல் அது வழங்கப்பட்டது. வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் உண்டு. நாணை முழுதும் இழுத்ததும் இச்சக்கரங்களின் நெம்புகோல் நலன் மாறுவதால், கையில் தாங்க வேண்டிய விசை நான்கில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கூட்டுவில்லை இழுக்க ஏறத்தாழ 30 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை வேண்டும் என்றும், நாண் அரை மீட்டர் நகர்கிறது என்றும் கொள்வோம். குறுக்குவில்லுக்கு 80 கிலோகிராம் வேண்டும். ஆனால் அதன் நாண் நகர்வது மூன்றில் ஒரு மீட்டரே. விசை இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தும், தொலைவு குறைவாதலால், சேமிக்கப்படும் சக்தி இரண்டு மடங்கைக்கூட எட்டுவதில்லை. விசையை மட்டும் கண்டு வில்லின் ஆற்றலை மதிப்பிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

26 கிராம் எடையுள்ள அம்பைக் கூட்டுவில் நொடிக்கு 85 மீட்டர் வேகத்திலும், குறுக்குவில் 115 மீட்டர் வேகத்திலும் செலுத்துவதாகக் கொண்டால், இயக்கச்சக்தி முறையே 94 ஜூலும் 172 ஜூலும் ஆகும். அவ்வாறாயின் குறுக்குவில்லால் நெடுந்தொலைவில் எய்யலாமன்றோ என்று கேட்கத் தோன்றும். அது தவறு. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை நாணின் ஒலி 0.09 நொடியில் அடைகிறது. குறுக்குவில்லின் அம்போ 0.26 நொடியிலும், கூட்டுவில்லின் அம்பு 0.35 நொடியிலும்தான் சேரும். 50 மீட்டரில் குறுக்குவில்லின் அம்புக்கும் 0.43 நொடி ஆகிறது. வெருண்ட மான் துள்ளுவதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அது ஒரு சாண் தாழ்ந்தாலும் அம்பு குறி தவறும். குறுக்குவில்லின் ஒலி பெரிது என்பதையும் நினைவிற் கொள்க.

அம்பு கொல்வது அதிர்ச்சியால் அன்று. அதன் கூரிய அலகு நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துக் குருதியை வடியச் செய்வதால்தான். குறி தவறின், விலங்கு காயத்துடன் ஓடி நெடுநேரம் துன்புறும். ஆகவே பொறுப்புள்ள வேட்டைக்காரர் எவ்வில்லாயினும் 30 மீட்டருக்கு உட்பட்ட தொலைவையே நாடுகின்றனர்.

பிற கூறுகளில் நிறைகுறைகள் இருபாலும் உண்டு. குறுக்குவில் விரைவில் பழகும். தோள் வலிமை குன்றியோருக்கும் ஏற்றது. மான் அருகில் வந்தபின் நாணை இழுக்கும் அசைவும் இல்லை. ஆயினும் அது கனமானது. மீண்டும் நாணேற்ற நேரமாகும். நாணின் பாதையில் கட்டைவிரல் குறுக்கிட்டால் கடுங்காயம் நேரும். கூட்டுவில் இலேசானது, அடுத்த அம்பை விரைவில் தொடுக்கலாம், எய்யாமலே நாணை மெல்லத் தளர்த்தவும் இயலும். ஆனால் அதற்கு இடைவிடாத பயிற்சி தேவை.

இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. எனவே இங்கு வில்லுக்குரிய இடம் விளையாட்டுத் திடலும் வகுப்பறையுமே. ஆசிரியர்கள் ஒரு மூங்கில் வில்லின் நாணைச் சுருள்வில் தராசால் 5 சென்டிமீட்டர் வீதம் இழுத்து, ஒவ்வொரு நிலையிலும் விசையைக் குறித்து, வரைபடம் வரையச் செய்யலாம். அக்கோட்டின் கீழ் அமையும் பரப்பே வில்லில் சேர்ந்த சக்தி. அம்பு தொடுக்காமல் நாணை விடலாகாது என மாணவரை முன்னரே எச்சரித்தல் வேண்டும். அம்புக்குச் செல்ல வேண்டிய சக்தி வில்லையே முறித்துவிடக்கூடும்.