கடல் அலைக்கும் "பட்டா"! பெரு நாட்டில் ஒரு விநோத சட்டம்

வீட்டுக்குப் பட்டா உண்டு. வயலுக்குப் பட்டா உண்டு. கடல் அலைக்குப் பட்டா கேள்விப்பட்டது உண்டா?

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் அலைக்கும் சர்வே எடுத்து, வரைபடம் போட்டு, கடற்படையின் அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பதிவான அலையைக் கெடுக்கிற கட்டுமானத்துக்கு அங்கே அனுமதி கிடையாது!

"அலைதானே, பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை போய்விட்டது. அதனால்தான் சட்டமே வந்தது.

ரோடு வந்தது, அலை போச்சு

பலகை மேல் நின்றபடி அலையோடு வழுக்கி வரும் விளையாட்டு என்றால் பெரு நாட்டுக்காரர்களுக்கு உயிர். 1965-ல் பெலிப்பே பொமார், 2004-ல் சோபியா முலனோவிச் என்று உலக சாம்பியன்களைக் கொடுத்த நாடு.

தலைநகர் லிமாவில் லா எர்ரதுரா என்று ஒரு கடற்கரை. அலைச்சறுக்குக்குப் பேர்போன இடம். 1980-களில் பக்கத்துக் குன்றை வெடி வைத்துத் தகர்த்து ரோடு போட்டார்கள். பாறைகள் கடலில் சரிந்தன. அவ்வளவுதான், அலையின் போக்கே மாறிவிட்டது! கரை மணலும் போச்சு.

அலையின் சூட்சுமம் கடலுக்கு அடியில் இருக்கிறது. ஆழம் குறையும் இடத்தில்தான் அலை எழும்பி உடைகிறது. எந்தப் பக்கம் உடையும், எவ்வளவு தூரம் ஓடும் என்பதெல்லாம் அடியில் உள்ள பாறையும் மணலும் செய்கிற வேலை. அங்கே கை வைத்தால் மேலே அலை இருக்காது.

13 வருஷம் தூங்கிய ஃபைல்

2000-ம் ஆண்டு சட்டம் போட்டார்கள். அலைச்சறுக்குக்கு ஏற்ற அலைகள் அரசாங்க சொத்து. யாரும் விற்க முடியாது. அனுபவ பாத்தியமும் கொண்டாட முடியாது.

ஆனால் அதை அமல்படுத்தும் விதிமுறை வந்தது எப்போது தெரியுமா? 2013-ல்! ஃபைல் நகரும் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதன் பிறகும் ஒவ்வொரு அலைக்கும் தனித்தனியாக ஆழம் அளந்து, வரைபடம் தயாரித்து மனுப் போட வேண்டும். செலவுக்குப் பொதுமக்களிடமே பணம் வசூலித்தார்கள். 2016-ல் முதல் பட்டா கிடைத்தது சிகாமா அலைக்கு. நல்ல நாளில் ஒரே அலையில் 1 கிலோ மீட்டருக்கு மேல் சவாரி செய்யலாமாம்!

மணலுக்கு யார் காவல்?

அலைக்குப் பட்டா வாங்கியாச்சு. ஆனால் மணல்?

சிகாமாவுக்குத் தெற்கே வாஞ்சாகோ என்று ஒரு மீனவர் ஊர். கோரையைக் கட்டிச் செய்த படகில் குதிரைச் சவாரி மாதிரி உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். பழங்கால மோச்சே மக்களின் மண்பாண்டங்களிலேயே இந்தப் படகின் உருவம் இருக்கிறது. "உலக அலைச்சறுக்கு காப்பகம்" என்ற கவுரவமும் இந்த ஊருக்கு உண்டு. பட்டம் வந்ததே தவிர மணல் வரவில்லை.

அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தெற்கே சலவெரி துறைமுகத்தின் தடுப்புச் சுவர் அதை வழியிலேயே மறித்துக்கொள்கிறது. சுவர் இருப்பது ஒரு ஊரில், கரை கரைவது இன்னொரு ஊரில். படகு கட்டக் கோரை வளர்க்கும் குளங்கள் கடலை ஒட்டியே இருக்கின்றன. இப்போது கடல் அந்தக் குளங்களையும் தின்கிறது.