துறைமுகத் தெருக்கள் – 7: ஸ்கேக்வேயின் கரை யாருடையது?

சென்ற வாரம் நார்வேயின் கெய்ராங்கர். இந்த வாரம் அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் பக்கம் போகலாம். தென்கிழக்கு அலாஸ்காவில், மலைகளுக்கு நடுவே நீண்டு செல்லும் கடல் ஒரு முனையில் வந்து முடிகிறது. அந்த முனையில் இருக்கும் சிற்றூர் ஸ்கேக்வே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 1,240 பேர். 2023இல் சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்கிய பயணிகளோ பத்து லட்சத்துக்கும் மேல்! அவர்கள் அத்தனை பேரும் வருவது ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்குள்.

கோடையில் ஒரு நாளைப் பார்ப்போம். அதிகாலையிலேயே முதல் கப்பல் உள்ளே வந்துவிடும். பல நாட்களில் மூன்று, நான்கு கப்பல்கள் ஒரே நேரத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் ஊரின் எந்தக் கட்டடத்தையும்விட உயரம். காலை ஒன்பது மணிக்குள் பிராட்வே தெருவின் மரப் பலகை நடைபாதைகள் நிரம்பிவிடுகின்றன. ஒரே நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்குவது இங்கே வழக்கம்தான். ரயில் ஏற விரும்புகிறவர்கள் ஊருக்குள் வரவே வேண்டாம். ரயில் கப்பல் நிற்கும் மேடைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது.

அந்தத் தெருவில் எல்லோரும் நின்று படம் எடுக்கும் கட்டடம் ஒன்று உண்டு. ‘ஆர்க்டிக் பிரதர்ஹுட்’ என்ற சங்கத்தின் மன்றம் அது. 1899இல் கட்டியது. கடலில் அடித்துவந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை ஆணியடித்து அதன் முகப்பை அலங்கரித்திருக்கிறார்கள். இதுபோன்ற பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கக் காரணம், 1976இல் இங்கே உருவான ‘க்ளாண்டைக் கோல்ட் ரஷ்’ தேசிய வரலாற்றுப் பூங்கா. மத்திய அரசின் பூங்காத் துறை பல கட்டடங்களை வாங்கிப் பழுதுபார்த்துக் காப்பாற்றியது.

எல்லாவற்றுக்கும் மூலம் தங்கம். 1896 ஆகஸ்டில் கனடாவின் க்ளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்தச் செய்தி சியாட்டில் நகரை எட்டியதும் கூட்டம் கப்பலேறிவிட்டது. ஸ்கேக்வேயில் இறங்கியவர்கள் மலையைக் கடந்துதான் தங்க வயலுக்குப் போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவும் சாமானும் இருந்தால்தான் கனடாக் காவல் படை எல்லையைத் தாண்ட விட்டது. எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன். ‘ஒயிட் பாஸ்’ மலைப்பாதையில் அந்தச் சுமையோடு ஏற முடியாமல் ஏறத்தாழ மூவாயிரம் குதிரைகள் செத்து விழுந்தன. ‘செத்த குதிரைப் பாதை’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

அந்தக் கூட்டம் வரும் முன்பே இங்கே குடியேறியிருந்தவர் வில்லியம் மூர் என்ற கப்பல் தலைவர். ட்லிங்கிட் பழங்குடியினருக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்த இந்தப் பள்ளத்தாக்கில் அவர் 1887இல் நிலம் பிடித்தார், குடிசை போட்டார், படகுத்துறை கட்டினார். என்றாவது தங்கம் தேடிக் கூட்டம் வரும் என்று அவர் கணித்தது பலித்தது. ஆனால் வந்தவர்கள் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் நிலத்தின் மீதே தெருக்களை அளந்தார்கள், மனைகளைப் பிரித்தார்கள். அவர் வீடு நடுத்தெருவில் வந்ததால் அதை நகர்த்த வேண்டியதாயிற்று. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடித்தான் இழப்பீடு பெற்றார். அவருடைய மரக்குடிசையைப் பூங்காத் துறை இன்றும் காத்து வைத்திருக்கிறது. ஸ்கேக்வேயின் கரை யாருடையது என்ற கேள்வி அந்தக் குடிசையிலேயே தொடங்கிவிட்டது.

ஒயிட் பாஸ் மலை வழியே 1898 மே மாதம் போடத் தொடங்கிய ரயில் பாதை 1900 ஜூலையில் முடிந்தது. மூன்றடி அகலமுள்ள குறுகிய பாதை. முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் 870 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பாதை முடிவதற்குள் தங்க வேட்டை ஓய்ந்துவிட்டது. பிறகு ரயிலை வாழவைத்தது கனடாவின் ஃபாரோ சுரங்கத்து ஈய, துத்தநாகத் தாது. 1982இல் உலோக விலை சரிந்து சுரங்கம் மூடியதும் ரயிலும் நின்றது. தாதுவை ஏற்றிய இடத்தில் கடலடி மண்ணில் ஈயம் படிந்ததுதான் ஊருக்கு மிச்சம். 1988இல் ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கியது, இந்த முறை சுற்றுலாப் பயணிகளுக்காக.

இப்படி ஒவ்வொரு முறையும் பிழைப்பு வெளியிலிருந்து வந்தது. வெளியிலேயே முடிவும் எடுக்கப்பட்டது. அதன் கொடுமையை ஊர் முழுசாக உணர்ந்தது 2020இல். கொரோனாப் பெருந்தொற்றால் அந்தக் கோடையில் ஒரு சொகுசுக் கப்பல்கூட வரவில்லை. கடைகள் திறக்கவில்லை, ரயில் நின்றது. ஊராட்சி தனக்கு வந்த மத்திய அரசின் நிவாரணப் பணத்திலிருந்து குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் ஆயிரம் டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டும் சிக்கல். வெளிநாட்டில் பதிவான கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் வழியில் கனடாவில் நின்று செல்வது வழக்கம். கனடாவோ துறைமுகங்களை மூடியிருந்தது. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் இயற்றிய பிறகுதான் அந்த ஜூலையில் கப்பல்கள் திரும்பின.

இதற்கெல்லாம் நடுவே ஸ்கேக்வே மக்கள் செய்த ஒரு காரியம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் இந்த ஊரின் வரலாற்றிலேயே முக்கியமானது அதுதான். 1968இல் துறைமுகக் கரை நிலம் 55 ஆண்டுக் குத்தகைக்கு ரயில் நிறுவனத்திடம் போனது. எத்தனை கப்பல் வந்தாலும் துறைமுகத்தை நடத்தும் அதிகாரம் ஊரிடம் இல்லை. குத்தகையை நீட்டிக்கும் ஒப்பந்தம் ஒன்று 2015இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது மக்கள் அதை நிராகரித்தார்கள். 2018இல் ரயில் நிறுவனமே கைமாறியது. வாங்கிய கூட்டில் ‘கார்னிவல்’ கப்பல் நிறுவனமும் ஒரு பங்காளி. கப்பலும் ரயிலும் துறையும் ஒரே கைக்குள் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. 2023 மார்ச்சில் குத்தகை முடிந்தது. கரை நிலம் ஊராட்சியின் கைக்கு வந்தது.

கைக்கு வந்ததால் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ரயில் நிறுவனத்தின் கப்பல் மேடைக்கு மேலே உள்ள மலைச்சரிவு 2022இல் உதிரத் தொடங்கியது. பாறை விழும் ஆபத்தால் மேடையின் ஒரு பகுதியை மூட வேண்டியதாயிற்று. கோடையில் வேலைக்கு வருபவர்களுக்குத் தங்க வீடு கிடைப்பதில்லை. ஊரில் மருத்துவ நிலையம் உண்டு, மருத்துவமனை இல்லை. சாலை வழியாகப் போகக்கூடிய அருகிலுள்ள நகரம் கனடாவின் ஒயிட்ஹார்ஸ், 170 கிலோமீட்டருக்கு மேல். மளிகை சியாட்டிலிலிருந்து மிதவைக் கப்பலில் வரவேண்டும். விற்பனை வரியிலேயே இரண்டு பருவங்கள்: கோடையில் 5 சதவீதம், குளிர்காலத்தில் 3. பயணிகள் இருக்கும்போது சற்றுக் கூடுதலாக வாங்கி, ஊர்க்காரர்கள் மட்டும் இருக்கும்போது குறைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் நல்ல புத்தி தெரிகிறது.

படகில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ஜுனோ, நாளொன்றுக்கு எத்தனை பயணிகள் வரலாம் என்று கப்பல் நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்திருக்கிறது. 2026 முதல் 16,000 பேர், சனிக்கிழமைகளில் 12,000. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. கரையைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதுதான் முதலில் செய்ய வேண்டியது. துறை தன்னுடையதாக இல்லாத ஊரால் எண்ணிக்கை பற்றிப் பேரம் பேச முடியாது.

செப்டம்பர் கழிந்ததும் பிராட்வேயின் நகைக்கடைகள் பல பலகை அடித்து மூடிக்கொள்கின்றன. முதலாளிகள் வெளியூர் போய்விடுகிறார்கள். குளிர்காலத்திலும் விளக்கெரியும் கடைகள் சிலதான். அலாஸ்காப் பயணத்துக்குத் திட்டமிடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்கேக்வேயில் எதையாவது வாங்கும் முன், “பனிக்காலத்திலும் இங்கேதான் இருப்பீர்களா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ‘ஆமாம்’ என்று சொல்பவரிடம் வாங்குங்கள்.

(தொடரும்)