முத்திரைத் தீர்வையும் மெய்விலையும்

நிலம் வாங்குவோரும் வீடு விற்போரும் எழுதும் கிரயப் பத்திரத்திற்காக அரசுக்குச் செலுத்தும் வரி முத்திரைத் தீர்வை எனப்படும். 1624-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் தோன்றிய இவ்வரி, நம் நாட்டில் 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டப்படி வசூலிக்கப்படுகிறது. இதனை ஏய்ப்போர் கையாளும் வழிகள் இரண்டு. முத்திரையைப் பொய்யாக்குவது ஒன்று; விலையைப் பொய்யாக்குவது மற்றொன்று.

முதல் வழிக்குத் தெல்கி வழக்கு ஒரு சான்று. நாசிக் நகரிலுள்ள அரசு அச்சகம் கழித்துவிட்ட இயந்திரங்களைப் பெற்று, அப்துல் கரீம் தெல்கி என்பவர் போலி முத்திரைத்தாள்களை அச்சிட்டுப் பல மாநிலங்களில் விற்றார். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களுமே அவற்றை வாங்கி ஏமாந்தன. 2006-ஆம் ஆண்டில் அவருக்கு 30 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 2017-இல் கைதியாகவே இறந்தார். மெய்த்தாளை அச்சிட்ட இயந்திரத்திலேயே பொய்த்தாளும் பிறந்தால், கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது எங்ஙனம்?

இதற்கு மாற்றாக வந்ததே மின்முத்திரை. இம்முறையில் சான்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பணம் செலுத்தியவர் பெயரும் தொகையும் மையப் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. எண்ணைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். ஆகவே நம்பிக்கை தாளை விட்டுப் பதிவேட்டுக்கு மாறியது எனலாம்.

இரண்டாவது வழியை எந்த இயந்திரமும் முழுவதும் தடுத்துவிடாது. பத்து லட்சம் ரூபாய் கைமாறியிருக்க, பத்திரத்தில் ஆறு லட்சம் என்று எழுதுகின்றனர். உண்மை விவரங்களை முழுமையாகக் குறிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 27-ஆம் பிரிவு. குறைத்து எழுதியதாகத் தோன்றினால், சார்பதிவாளர் அப்பத்திரத்தை மதிப்பு நிர்ணயத்திற்கு அனுப்பலாம். அதற்கான 47-ஏ பிரிவை நம் மாநிலம் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்த்தது. அரசின் வழிகாட்டி மதிப்பும் சார்பதிவாளருக்குத் துணை நிற்கிறது. ஆனால் அம்மதிப்பு சந்தை விலையினும் தாழ்ந்திருக்கும் இடத்தில், பொய்க்கு இடம் எஞ்சிவிடுகிறது.

“அரசுக்குத்தானே நட்டம், நமக்கென்ன?” என்று என்னிடம் கேட்பவர் உண்டு. அவர்களுக்கு நான் கூறும் விடை இது. விற்றவரின் உரிமையில் குற்றம் கண்டு பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பத்திரம் காட்டுவது ஆறு லட்சமே. எஞ்சிய நான்கு லட்சம் கொடுத்ததை மெய்ப்பிப்பது அரிது. மேலும், 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, சாலைக்கோ தொழிற்சாலைக்கோ நிலம் எடுக்கும்போது, அருகில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலையும் இழப்பீட்டுக் கணக்கில் சேரும். ஊரார் பலர் விலையைக் குறைத்து எழுதியிருந்தால், கடன்பட்டு உழுத ஏழை விவசாயி தன் நிலத்தை அக்குறைந்த விலையை ஒட்டிய தொகைக்கே இழக்க நேரிடும். தீர்வையில் ஒருவர் மிச்சப்படுத்திய தொகையை மற்றொருவர் தம் நிலத்தின் விலையில் கொடுக்கிறார்.

ஆதலின், மின்முத்திரையின் எண்ணைச் சரிபாருங்கள். விலையை உள்ளபடி எழுதுங்கள். எழுதியதை ஒரு முறை உரக்கப் படிக்கக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். பத்திரத்தில் எழுதிய பொய்க்கு முதற்சாட்சி, அதன் அடியில் உள்ள நம் கையெழுத்தே.